இரண்டு பிள்ளைகளுக்கு சைக்கிள் ட்ரெய்லர்: புதுவை, கடலூர் ரோட்டுக்கு எது சரிப்படும்?

லாஸ்பேட்டை_அம்மா
வணக்கம். லாஸ்பேட்டையில இருந்து முத்தியால்பேட்டை பக்கம் ப்ளே ஸ்கூல். ஒரு வழி 3 கி.மீ.க்குள்ளதான். பெரியவனுக்கு மூணரை வயசு, 14 கிலோ. சின்னவளுக்கு 14 மாசம், 9 கிலோ. சைக்கிள் 7 கியர் ஹைப்ரிட். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், பின்சக்கரம் க்விக் ரிலீஸ், அதாவது ஸ்பானர் இல்லாம லிவர்லயே கழட்டுறது. வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க, சைக்கிளுக்குப் பின்னால மாட்டிப் பிள்ளைகளை உட்கார வச்சு இழுக்குற ரெண்டு சக்கர ட்ரெய்லர் ஒண்ணு கொண்டு வர்றதா சொல்றாங்க. ஆரோவில் பக்கம் பழசும் விலைக்கு வருது. தூலே, பர்லி, குரூசர்னு பேர் மட்டும் தெரியும். எதைப் பார்த்து வாங்கணும்? இல்ல, பின்சீட்டே போதுமா?

ஸ்போக்_சாவி
மேடம், பிராண்டு கடைசி. முதல்ல உங்க சைக்கிளோட பின்சக்கரத்துல இடது பக்க ஆக்ஸிலைக் குனிஞ்சு பாருங்க. இந்த மூணு கம்பெனியும் ட்ரெய்லரை இழுக்குற கம்பியை, அதாவது இழுவைக் கையை, அங்கதான் மாட்டும். செயின் வலது பக்கம் இருக்கிறதால இடது பக்கம்தான் காலி, அதான் காரணம்.

ஆனா நம்ம ஊர் சைக்கிள்ல இடது பக்கமும் காலியா இருக்காது. சைடு ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மக்கார்டு கம்பி எல்லாம் அதே ஆக்ஸில்ல அடுக்கியிருப்பாங்க. அதுக்கு மேல ட்ரெய்லர் கொக்கித் தகடும் ஏறினா நட்டுக்குப் புரி மிச்சம் இருக்காது. நட்டு வகை ஆக்ஸில்னா, எல்லாம் முறுக்கின பிறகு நட்டுக்கு வெளியே ரெண்டு புரியாவது தெரியணும். க்விக் ரிலீஸ்னா நட்டு குறைஞ்சது 5 முழுச் சுத்து ஏறணும். தகடு நடுவுல வந்தா ஆக்ஸிலுக்குள்ள போற பழைய க்விக் ரிலீஸ் கம்பி நீளம் பத்தாது, நீளமான கம்பி தனியா வாங்கணும். பலர் இதை விட்டுட்டு மூணு சுத்துல நிறுத்திடறாங்க. பின்சக்கரம் ஃபிரேமை விட்டு நழுவுறது அப்படித்தான்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் காலிப்பர். அதுவும் இடது பக்கம்தான் இருக்கும். தகடு காலிப்பர்ல முட்டினா இடைவெளி கொடுக்குற அடாப்டர் அதே கம்பெனிகிட்ட வாங்குங்க. வாசர் அடுக்கிச் சமாளிக்காதீங்க, ஆக்ஸில் வளையும்.

மாட்டின பிறகு சோதனை சுலபம். ட்ரெய்லரைக் கோத்து சைக்கிளை இடதுக்கும் வலதுக்கும் 90 டிகிரி வரைக்கும் மடக்குங்க. இழுவைக் கை ஸ்டாண்டுலயோ காலிப்பர்லயோ பின்டயர்லயோ உரசினா, அந்த ஸ்டாண்டு கழட்ட வேண்டியதுதான். நடு ஸ்டாண்டுக்கு மாறிக்கங்க.

கெடிலக்கரை
மெக்கானிக் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கே. போற வழி எது?

ரெண்டு பிள்ளை உட்கார்ற ட்ரெய்லர் 80 செ.மீ. அகலம் வரைக்கும் வரும். உங்க ஹேண்டில்பார் 60 செ.மீ. சொச்சம் இருக்கும். நீங்க நுழைஞ்ச இடத்துல ட்ரெய்லர் நுழையாதுன்னு கணக்கு. இழுவைக் கை இடது ஆக்ஸில்ல இருந்து வளைஞ்சு வந்து வண்டியைச் சைக்கிளுக்கு நேர் பின்னால நிறுத்தும், அதனால ரெண்டு பக்கமும் 10 செ.மீ. துருத்தும். பஸ் உரசிட்டுப் போற வலது பக்கம் அந்த 10 செ.மீ. என்னாகும்னு யோசிங்க.

கடலூர்ல மஞ்சக்குப்பத்துல இருந்து சில்வர் பீச் போற ரோடு சமதளம், அகலம், காலையில தாராளமா ஓட்டலாம். அதே ஊர்ல திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுல ட்ரெய்லரோட நுழைஞ்சா திரும்பக்கூட முடியாது. சிப்காட் பக்கம் லாரி ரோடு. புதுச்சேரி-கடலூர் மெயின் ரோட்டுல ட்ரெய்லர் பேச்சே வேணாம். பஸ் ரெண்டு ஒண்ணை ஒண்ணு முந்துற ரோடு அது. உங்க 3 கி.மீ.யில ஈ.சி.ஆர். எத்தனை மீட்டர் வருது? அதைச் சொல்லுங்க முதல்ல.

லாஸ்பேட்டை_அம்மா
ஈ.சி.ஆரை ஒரே இடத்துல, சிக்னல்ல குறுக்கே கடக்கணும். மத்தது எல்லாம் உள்தெரு. ஸ்பீடு பிரேக்கர் நிறைய.

புல்வார்_ரைடர்
அப்படியென்றால் ட்ரெய்லர் சாத்தியம். கெடிலக்கரை அவர்களின் எச்சரிக்கை மெயின் ரோட்டுக்குப் பொருந்தும். உள்தெருவில் பின்சீட்டைவிட ட்ரெய்லருக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. அச்சு இணைப்பில் பந்து மூட்டோ, வளையும் ரப்பர் மூட்டோ இருக்கும். சைக்கிள் ஒருக்களித்து விழுந்தாலும் ட்ரெய்லர் தன் இரு சக்கரத்தில் நிமிர்ந்தே நிற்கும். பின்சீட்டில் சைக்கிள் சாய்ந்தால் பிள்ளையும் சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சேர்ந்து விழும். சைக்கிள் நின்றுகொண்டிருக்கும்போதே ஸ்டாண்டு வழுக்கி விழுவதும் உண்டு.

மேலும் ஐரோப்பிய வகைப் பின்சீட்டுகளின் பொது வரம்பு 22 கிலோ, பிள்ளை ஒன்று. உங்களுக்கு இரண்டு பேர். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று வைத்தால் ஹேண்டில் கனத்துத் தள்ளாடும்.

ட்ரெய்லர் கவிழும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவை பெரும்பாலும் இரண்டே: வளைவில் வேகம், அல்லது ஒரு சக்கரம் மட்டும் மேடேறுவது. பர்லி கையேடு நேர் சாலையில் மணிக்கு 24 கி.மீ.யும் திருப்பத்தில் 8 கி.மீ.யும் உச்சம் என்கிறது. தூலே 25 கி.மீ. என்கிறது. திருப்பத்துக்கான அந்த 8 என்ற எண்ணைத்தான் மனதில் வைக்க வேண்டும். அது வேக நடையைவிடச் சற்றே கூடுதல்.

ஸ்போக்_சாவி
ஒரு சக்கரம் மேடேறுறதைப் பத்தி சார் சொன்னாரே, அதை நம்ம ஊருக்குப் பொருத்திச் சொல்றேன். ஸ்பீடு பிரேக்கருக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவுல ஒரு சந்து விட்டிருப்பாங்க, தண்ணி ஓட. டூ வீலர்காரங்க எல்லாம் அதுல புகுந்து போய்ப் பழகியிருப்போம். ட்ரெய்லரோட அதே பழக்கத்துல போனா இடது சக்கரம் சந்துல இறங்கும், வலது சக்கரம் மேட்டுல ஏறும், வண்டி இடது பக்கம் சாயும். ஸ்பீடு பிரேக்கரை நடுவுல, நேரா, ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல ஏறுற மாதிரி நடை வேகத்துல கடக்கணும்.

இடது திருப்பமும் அப்படித்தான். சைக்கிள் போன தடத்துல ட்ரெய்லர் போகாது, உள்பக்கம் வெட்டும். நீங்க பிளாட்பாரத்தை ஒட்டித் திரும்பினா ட்ரெய்லர் சக்கரம் பிளாட்பாரம் ஏறிடும். கொஞ்சம் முன்னால போய், அகலமா திருப்புங்க.

பிள்ளைகளை ஏத்துறதுக்கு முன்னாடி 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒண்ணைப் பெல்ட்ல கட்டி ஒரு ரவுண்டு போங்க. உங்க ரெண்டு பிள்ளை எடையும் சேர்த்து 23 கிலோ, ஏறக்குறைய அதே கனம். பிரேக் தூரம், திருப்பம், எழும்பி மிதிக்கிறப்ப பின்னால இழுக்குற விதம் எல்லாம் தெரிஞ்சிடும். வாய்ப்பிருந்தா அரும்பார்த்தபுரம் மேம்பாலத்துலயும் ஏத்திப் பாருங்க, 7 கியர் ஏன் தேவைன்னு கால் சொல்லும்.

நோணாங்குப்பம்
வயசு விஷயம் யாரும் பேசலையே. ஓட்டுற ட்ரெய்லர்ல ஒரு வயசுக்கு முன்னாடி கூடாதுன்னு பர்லி சொல்லுது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் அதையேதான் சொல்றாங்க. ஹெல்மெட் எடையோட தலையை நேரா தாங்கற கழுத்து பலம் வரணும்கிறதுதான் கணக்கு. கைக்குழந்தைக்குத் தொங்கு மெத்தை போட்டு சில கம்பெனி விக்கறாங்க, ஆனா அது ஐரோப்பாவோட வழவழ சைக்கிள் பாதைக்கு. நம்ம குழியில 14 மாசமே கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். சின்னவ உதவியில்லாம அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்றாளா, தூங்கறப்ப தலை முன்னால தொங்குதா, பாருங்க.

ஹெல்மெட்ல ஒரு நுட்பம் இருக்கு. பின்பக்கம் கூராவோ உருண்டையாவோ இருக்கிற ஹெல்மெட் போட்டு ட்ரெய்லர் சீட்ல சாய்ஞ்சா, சீட்டு ஹெல்மெட்டை முன்னால தள்ளும், தாடை நெஞ்சைத் தொடும். பின்னால தட்டையா இருக்கிற குழந்தை ஹெல்மெட் வாங்குங்க, 44 முதல் 48 செ.மீ. சுற்றளவு வரைக்கும் வருது. ட்ரெய்லர் சீட்டுல தலைப் பக்கம் உள்வாங்கின வலைப்பை இருக்கான்னும் பாருங்க. நல்ல மாடல்ல இருக்கும். விலை குறைஞ்சதுல துணி விறைப்பா நேரா இருக்கும்.

சஸ்பென்ஷன் வேணும். இல்லாத மாடல்னா டயர்தான் சஸ்பென்ஷன். டயர் ஓரத்துல அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாம, 25 முதல் 30 பி.எஸ்.ஐ. காத்து போதும். 50 அடிச்சா 23 கிலோ எடைக்கு டயர் அமுங்கவே அமுங்காது, குழியோட அடி முழுசும் பிள்ளையோட முதுகுக்குப் போகும்.

பாகூர்_தம்பி
அண்ணே, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வெல்டிங் பட்டறையில சொன்னா ஒரு வண்டி செஞ்சு கொடுத்துட மாட்டாங்களா? ரெண்டு 20 இஞ்ச் சக்கரம், ஜி.ஐ. பைப்பு, மேல தார்ப்பாய். செலவு கால்வாசிதானே ஆகும்.

ஸ்போக்_சாவி
தம்பி, காய்கறி, கேஸ் சிலிண்டருக்கு தாராளமா செஞ்சுக்கலாம். பிள்ளைக்கு வேணாம்.

முறியறது கம்பி இல்ல, வெல்டு. இழுவைக் கை ஃபிரேமுக்குள்ள நுழையற முனையில ஒவ்வொரு மிதிக்கும் ஒரு இழுப்பு, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு தள்ளல். ஜி.ஐ. பைப்புல துத்தநாகத்தை உரிக்காம வெல்டு வச்சா ஓட்டை ஓட்டையா பிடிக்கும், அங்கதான் விரிசல் கிளம்பும். உப்புக் காத்துல உள்ளிருந்து துரு வேற, வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். அப்புறம் கவிழ்ந்தா தலைக்கு மேல தாங்கற வளையக் கம்பி வேணும், பட்டறை வண்டியில அது தார்ப்பாய்க்குக் குச்சியாத்தான் இருக்கும்.

கெடிலக்கரை
இதுல எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. முழு வண்டி வேணாம், சரி. கொக்கித் தகடு மட்டும் தொலைஞ்சு போன பழைய ட்ரெய்லர் விலைக்கு வருதுன்னு வைங்க. 304 எஸ்.எஸ். தகடு 5 மி.மீ.யில லேத்துல துளை போட்டுக் கொடுத்தா என்ன தப்பு? வெல்டே இல்லையே.

ஸ்போக்_சாவி
தகடு தாங்கும் அண்ணே. அதுல உட்கார்ற பந்தோ கிண்ணமோதான் பிரச்சினை. அதோட அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேற. அரை மி.மீ. தளர்ந்தாலும் கடகடன்னு ஆடி ஆடி ஊசித்துளை முட்டை மாதிரி நீண்டுடும். ஒரிஜினல் தகடு வெளிநாட்டுல தனியா கிடைக்குது, உள்ளங்கையில அடங்குற சாமான். ஊருக்கு வர்றவங்க சட்டைப் பையில போட்டுக் கொண்டு வந்துடுவாங்க. அதுக்கு எதுக்கு லேத்து?

லாஸ்பேட்டை_அம்மா
பழசு வாங்கினா எதையெல்லாம் சோதிக்கணும்? ஆரோவில்ல ஒரு ரெண்டு சீட்டு பர்லி, வெயில்ல வெளியவே நின்னிருக்கு போல. நிறம் மங்கியிருக்கு.

புல்வார்_ரைடர்
நிறம் மங்கியிருப்பதை நல்ல தடயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். துணி மங்கிய அளவுக்கு பெல்ட்டும் வெயில் வாங்கியிருக்கும். பெல்ட் நாடாவை இரு விரலில் மடித்துத் தேயுங்கள். பொடி உதிர்ந்தாலோ நார் விறைத்திருந்தாலோ தோள்பெல்ட் முழுவதையும் மாற்றாமல் வாங்க வேண்டாம்.

அடுத்து அந்த வளையும் மூட்டு. பர்லியில் அது யூரித்தேன் வகைப் பொருள். கையால் நன்றாக வளைத்து, வளைந்த வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் பேரம் பேசவே வேண்டாம், மூட்டு புதிதாக வாங்கும் வரை வண்டி ஓடக்கூடாது. மூட்டு அறுந்தால் தாங்குவதற்கென்று ஒரு பாதுகாப்பு நாடா இருக்கும். அது முழுதாக இருக்க வேண்டும். அதைச் சைக்கிளின் செயின்ஸ்டே குழாயை, அதாவது பெடல் பகுதியிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் ஃபிரேம் குழாயை, சுற்றி மாட்டுவதுதான் முறை. கேரியரிலோ ஸ்டாண்டிலோ மாட்டினால் பயனில்லை.

பிறகு வண்டியைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் நின்ற வண்டிகளில் சக்கர அச்சு புஷ்ஷோடு இறுகி, அழுத்துப் பொத்தான் வேலை செய்யாமல் போயிருக்கும். கழற்ற முடியாத சக்கரம் என்றால் பங்ச்சர் நாளில் தெருவில் நிற்க வேண்டியதுதான். கடைசியாக, மாடல் எண்ணை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் தட்டி, திரும்பப் பெறப்பட்ட மாடலா என்று பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் விற்றதானால் ஈ.என். 15918, அமெரிக்காவில் விற்றதானால் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1975 என்ற பாதுகாப்புத் தரக்குறி ஒட்டுத்தாளிலோ கையேட்டிலோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

எடை வரம்பு: பர்லி, தூலே இரண்டு சீட்டு மாடல்களில் 45 கிலோ. பையும் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் தாங்கும். எடைக்கு முன்பு பெரியவனின் தோள் அகலம் இடிக்கும். நான்கரை வயதில் இருவரும் முழங்கையால் சண்டை போடத் தொடங்குவார்கள், அதற்கு எந்தத் தரக்குறியும் இல்லை.

நோணாங்குப்பம்
கொடிக்கம்பை மறந்துடாதீங்க. வெளிநாட்டு வண்டி பலதுல கொடி செருகுற குழாய் இடது பக்கம் இருக்கும். அங்க வண்டிகள் வலது ஓரமா போகும், முந்தறவங்க இடது பக்கமா வருவாங்க. நமக்கு நேர் மாறு. கம்பை வலது பக்கத்துக்கு மாத்திக் கட்டுங்க. உயரம் பெரியவங்க கண் மட்டத்துக்கு வரட்டும். ட்ரெய்லர் இடுப்பு உயரம்தான், பஸ் டிரைவருக்கு ஜன்னல் கீழ அது தெரியாது. சிவப்பு லைட்டும் ட்ரெய்லர் மேலயே வலது பக்கம் இருக்கணும். சைக்கிள் சீட்டுக்குக் கீழ இருக்கிற லைட்டை ட்ரெய்லர் மறைச்சிடும்.

வெயில்: முன்பக்கம் வலை, அதுக்கு மேல பிளாஸ்டிக் ஜன்னல்னு ரெண்டு அடுக்கு வரும். பிளாஸ்டிக்கை மூடி வச்சா உள்ள காத்து ஓடாது, சூடு ஏறிட்டே போகும். சுருட்டிக் கட்டிட்டு வலை மட்டும் விடுங்க. சித்திரை, வைகாசியில ஸ்கூல் விட்டு மதியம் கூட்டிட்டு வர்றதுன்னா ஆட்டோவே மேல். மழைக்காலத்துல பிளாஸ்டிக்கை இறக்கினாலும் பக்கவாட்டு வலையைக் கொஞ்சம் திறந்து வைங்க. தேங்கின தண்ணியில சாக்கடை மூடி எங்க இருக்குன்னு தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில அந்த உள்தெருவே உங்களுக்கு வேற தெரு.

ஆரோவில் செம்மண் பாதைக்குக் கொண்டு போற எண்ணம் இருந்தா, வலை கொசுவைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது. பின்சக்கரம் கிளப்புற புழுதி நேரா பிள்ளை முகத்துக்குத்தான். பின்மக்கார்டுல ரப்பர் மடல் ஒண்ணு தரைக்கு ஒரு சாண் மேல வரைக்கும் தொங்க விடுங்க.

பாகூர்_தம்பி
இ-சைக்கிள்ல மாட்டலாமா அண்ணே? அக்காகிட்ட ஹப் மோட்டார், அதாவது சக்கரத்து நடுவுலயே மோட்டார் வச்ச வண்டி இருக்கு.

ஸ்போக்_சாவி
பின் ஹப் மோட்டார்னா யோசிச்சுத்தான். அதோட ஆக்ஸில் பெரும்பாலும் 12 மி.மீ., ரெண்டு பக்கம் தட்டையா சீவியிருக்கும். சாதா தகட்டுத் துளை சின்னது. துளையைப் பெருசாக்காதீங்க, ஓரத்துல சதை குறைஞ்சிடும். மோட்டார் ஒயர் ஆக்ஸில் வழியாத்தான் வெளியே வரும். அது இடது பக்கமா இருந்தா தகடு ஒயரை நசுக்கும். முன்னால ஹப் மோட்டார், இல்ல பெடல்கிட்ட மோட்டார்னா தொல்லை இல்லை. எதுவானாலும் ட்ரெய்லர் கையேட்டுல இ-சைக்கிளுக்கு அனுமதி இருக்கான்னு பார்த்துட்டு, கிளம்பறப்ப முதல் லெவல் அசிஸ்ட்ல கிளம்புங்க. ஆக்ஸிலரேட்டர் முறுக்குற வகைன்னா திடீர்னு இழுக்கும், பிள்ளைகள் தலை பின்னால போய் இடிக்கும்.

லாஸ்பேட்டை_அம்மா
எல்லாருக்கும் நன்றி. பழைய பர்லியோட மூட்டுல வளைச்சுப் பார்த்தப்ப விரிசல் தெரியுது. அதனால சொந்தக்காரங்ககிட்ட சஸ்பென்ஷன் உள்ள புது ரெண்டு சீட்டு மாடலும், நீளமான க்விக் ரிலீஸ் கம்பியும் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். சின்னவளுக்கு ஒண்ணரை வயசு ஆகட்டும்னு காத்திருக்கலாம்னு முடிவு. ரெண்டு சந்தேகம் மிச்சம். ஏத்தி இறக்குறப்ப எந்த வரிசை? டயர், ட்யூப் இங்க கிடைக்குமா?

கெடிலக்கரை
முதல்ல ட்ரெய்லர் பார்க்கிங் பிரேக்கைப் போடணும். அப்புறம் கோக்கணும், ஊசி, நாடா ரெண்டையும் பார்க்கணும், அதுக்கப்புறம்தான் பிள்ளைகள். இறக்குறப்ப தலைகீழ். பிள்ளை உள்ள இருக்கிறப்ப கொக்கியைக் கழட்டினா வண்டி பின்பக்கம் மல்லாக்கச் சாயலாம். பெரியவன் குதிச்சு ஏறுற வயசு, அதனால சின்னவளை முதல்ல கட்டிட்டு அவனை ஏத்துங்க. காலை வலையோரம் விடாம உள்ள வைக்கப் பழக்குங்க. ட்ரெய்லர் சக்கரத்துக்கும் துணிக்கும் இடைவெளி ரெண்டு விரல்தான்.

ஸ்போக்_சாவி
டயர் கவலை வேணாம். 20 x 1.75 பிள்ளைங்க சைக்கிள் டயர் நம்ம ஊர்க் கடையிலயே கிடைக்கும். 20 x 1 3/8னு ஒண்ணு கொடுப்பாங்க, வாங்காதீங்க. ரெண்டும் 20 இஞ்சுன்னாலும் ரிம் விட்டம் வேற: முதல்ல சொன்னது 406 மி.மீ., அடுத்தது 451. டயர் ஓரத்துல 47-406ன்னு எண் இருக்கும், அதைக் காட்டிக் கேளுங்க.

ட்யூப்ல வால்வு மாறும். ட்ரெய்லரோட வர்றது பைக் டயர் மாதிரி வால்வு. பெட்ரோல் பங்க்ல காத்து ஏறும், ஆனா கம்ப்ரஸர் ஒரே நொடியில 50ஐத் தாண்டிடும். கைப்பம்ப் வச்சுக்கங்க. இங்க வாங்கற ட்யூப் நம்ம சாதா சைக்கிள் வால்வு, ரிம் துளையில அப்படியே உட்காரும், தெருமுனை பஞ்சர் கடைப் பம்ப்லயே அடிச்சுக்கலாம். ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே வகையாப் போட்டுட்டா பம்ப் முனை தேடி அலைய வேண்டியதில்லை.

பீச் பக்கம் போய் வந்தா நல்ல தண்ணியில கழுவி, சக்கர அச்சைக் கழட்டி மாசம் ஒரு தடவை கிரீஸ் தடவுங்க. கொக்கி ஊசியில மட்டும் கிரீஸ் வேணாம், மணல் ஒட்டி அறுக்கும். துணியால துடைச்சுட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டா போதும்.